டெல்மர் நிரப்பிய தோட்டாக்கள்

ஹாலர் க்ரீக், மொன்டானா
11 செப்டம்பர் 1988, ஞாயிறு

அன்புள்ள ஆரின் அண்ணாவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கார்லாவும் மாப்பிள்ளையும் சுகமா? நான் மூன்று கடிதம் போட்டால் உன்னிடமிருந்து ஒன்று வருகிறது. காது போனது உனக்கு வசதியாகிவிட்டது, ஃபோனில் கூப்பிட்டுத் திட்டவும் வழியில்லை. அந்தப் பாலைவனத்து வெயிலில் தொப்பி போடாமல் திரிகிறாயாம், கார்லா எழுதியிருந்தாள்.

இங்கே காலையில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிய ஆரம்பித்துவிட்டது. போன சனிக்கிழமை கொட்டகையைக் காலி செய்தேன். டெல்மர் இறந்துபோன மார்ச்சிலிருந்து அந்தக் கதவை நான் திறக்கவே இல்லை. தேவாலயத்துப் பெண்கள் இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள், அதனால் முடிந்தது. திறந்தவுடன் அதே வாசனை, அண்ணா. துப்பாக்கி எண்ணெய், பித்தளை, அவருடைய புகையிலை. மூக்குக் கண்ணாடி மேசை மேலேயே கிடந்தது. கொஞ்ச நேரம் அந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எழுந்து வேலையைப் பார்த்தேன்.

கோடாரிகள், டயருக்குப் போடும் பனிச் சங்கிலிகள், கூடாரம் எல்லாவற்றையும் விற்பதற்காக முற்றத்தில் பரப்பி வைத்தோம். கூடாரத்தை விற்கவில்லை. விற்கலாம் என்றுதான் வெளியே கொண்டுவந்தேன். ஒருவன் வந்து காலால் தட்டிப் பார்த்தான். உடனே மடித்து உள்ளே வைத்துவிட்டேன். நீயும் அவரும் முப்பது வருடம் நவம்பர்தோறும் படுத்த கூடாரம். அடுப்புப் பொறி பட்டு ஓட்டை விழுந்த இடத்தில் நான் போட்ட ஒட்டுகூட அப்படியே இருக்கிறது.

அவர் கையால் நிரப்பிய தோட்டாக்களில் மூன்று பெட்டியை ஒரு பெண் வாங்கிப் போனாள். நாற்பது வயதிருக்கும், பின்னல் போட்டிருந்தாள், தனியாகத்தான் வேட்டைக்குப் போவாளாம். பெட்டி மேல் இருந்த அவருடைய எழுத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பொறுமையா எழுதற மனுஷன் உள்ளயும் பொறுமையாத்தான் போட்டிருப்பாரு" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் வேலையை யாரோ பாராட்டிக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

இன்னும் பத்துப் பன்னிரண்டு பெட்டி இருக்கிறது. உனக்கு ஏதாவது வேண்டுமா? கத்தி, பைனாகுலர், கம்பளித் தொப்பி? எழுது.

உன் தங்கை,
வெர்னா

*

டூசான், அரிசோனா
18 செப்டம்பர் 1988

அன்புத் தங்கச்சி வெர்னா,

தொப்பி போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், திருப்தியா?

முதலில் முக்கியமான விஷயம். அந்தத் தோட்டாக்களை இனி ஒன்றுகூட யாருக்கும் கொடுக்காதே. விற்ற மூன்று பெட்டியையும் திரும்ப வாங்கு. பணத்தைக் கையில் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு வாங்கிவிடு.

கடையில் வாங்கும் தோட்டாவுக்கு ஆலைக்காரன் பொறுப்பு. கையால் நிரப்பியதற்கு நிரப்பியவன் மட்டும்தான் பொறுப்பு, அவனும் போன பிறகு யாருமில்லை. உள்ளே என்ன வெடிமருந்து, எவ்வளவு, எந்தத் துப்பாக்கிக்காக என்று வெளியே இருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பளபளவென்று பித்தளையாய்த்தான் தெரியும். மரம் அறுக்கும் ஆலையில் எங்களோடு வேலை பார்த்த ஐனாரை நினைவிருக்கிறதா? ஐம்பத்தொன்பதில் ஒரு பண்ணை ஏலத்தில் காபி டப்பா நிறையத் தோட்டா வாங்கி வந்தான். யாருடையது என்று கேட்டதற்கு "யாருதா இருந்தா என்ன, வெடிச்சா சரி" என்றான். வெடித்தது. துப்பாக்கியே அவன் கன்னத்தோரம் பிளந்தது. ஒரு கண்ணும் இரண்டு விரலும் போயிற்று. அதற்குப் பிறகு அவன் ஆலையில் பெருக்கும் வேலைதான் பார்த்தான்.

டெல்மர் வேலையைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. உலகத்தில் யாருடைய தோட்டாவையும் நான் கண்ணை மூடிச் சுட மாட்டேன், அவனுடையதைத் தவிர. அவன் மேசையில் உட்கார்ந்தால் ரேடியோவை நிறுத்திவிடுவான். ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் மேசை மேல் இருக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எடை போடுவான். எழுபத்திரண்டில் பெல் மலைச்சரிவில் பனி இடுப்பளவு கிடந்தபோது, முந்நூறு கஜத்தில் நின்ற எல்க் மானை ஒரே குண்டில் சாய்த்தேனே, அது என் குறியா, அவன் தோட்டாவா என்று கூடாரத்தில் விடிய விடியச் சண்டை போட்டோம். அவன் விட்டே கொடுக்கவில்லை. நீ கட்டிக் கொடுத்த மான் இறைச்சி ரொட்டி உறைந்து கல்லாகிவிட்டது. அதை அடுப்பு மேல் வைத்து உருக்கித் தின்றோம். அந்த ருசி இந்த ஊரில் எந்த ஹோட்டலிலும் இல்லை.

ஆனால் அவன் தன் துப்பாக்கிக்கும் என் துப்பாக்கிக்கும் பார்த்து நிரப்பியது அது. அந்தப் பெண்ணின் துப்பாக்கி என்ன வயசோ, எந்த நிலையிலோ. வேட்டை தொடங்க இன்னும் ஐந்து வாரம்தான். தேடு.

அன்புடன்,
ஆரின்

*

ஹாலர் க்ரீக்
26 செப்டம்பர் 1988

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை ஐந்தாறு முறை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, நான்கு நாள் ஆகிவிட்டது. இதை எழுதாமல் இருக்க முடியாது.

டெல்மர் நிமோனியாவில் போனார் என்று உனக்குச் சொன்னேன். அது கடைசி பத்து நாள். அதற்கு இரண்டு வருடம் முன்பே அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்துவிட்டது.

எண்பத்தாறு வசந்தத்தில் தபால் நிலையத்துக்குக் காரில் போனார், நடந்து திரும்பி வந்தார். கார் எங்கே என்றேன். "எந்தக் காரு?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த செப்டம்பரில் கொட்டகைக்குக் காபி கொண்டுபோனேன். வரிசையாகப் பித்தளைக் கூடுகளை நிறுத்தி வைத்திருந்தார். மேசை மேல் மூன்று மருந்து டப்பா, மூன்றும் திறந்திருந்தது. என்னைப் பார்த்து, "வெர்னா, இதுல மருந்து போட்டனா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும், இப்போதுதானே வருகிறேன் என்றேன். "போட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அதன் மேல் குண்டை வைத்து அழுத்தி முடித்துவிட்டார். தராசு ஓரமாகத் துணி மூடிக் கிடந்தது.

இந்த வருடம் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டேன். கையைப் பிடித்துக்கொண்டார். "ஆரினுக்குத் தெரிஞ்சா என்னை மலைக்குக் கூட்டிட்டுப் போக மாட்டான். இந்த ஒரு வருஷம் மட்டும், வெர்னா. சொல்லிடாத." அவர் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை, உனக்கே தெரியும். சரி என்றேன்.

நவம்பரில் நீங்கள் கிளம்பிய காலை. நான் அடுப்பருகே ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். சமையலறை மேசையில் அவர் தோட்டாக்களைப் பிரித்தார், உனக்குப் பத்து, அவருக்குப் பத்து. நீ எடுத்து இடுப்பு வாரில் செருகினாய். நான் வாயைத் திறந்தேன், அண்ணா. அந்த நேரம் நீ காபி கேட்டாய். காபி ஊற்றினேன்.

ஒரு வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே நீங்கள் திரும்பி வந்தீர்கள், உன் முட்டி வலி என்றாய். இரண்டு பேரையும் முழுசாகப் பார்த்ததும் அடுக்களைக்குள் போய் அழுதேன். அப்புறம் அதை நினைக்கவே கூடாது என்று இருந்துவிட்டேன்.

இப்போது விற்றதில் நான் கவனமாகத்தான் இருந்தேன் என்று நினைத்தேன். எண்பத்து நான்கு என்று தேதி போட்ட பெட்டிகளைத்தான் கொடுத்தேன், அவர் நன்றாக இருந்த காலத்தது. உன் கடிதம் வந்த பிறகு கொட்டகைக்குப் போய் மீதிப் பெட்டிகளைத் திறந்து பார்த்தேன். எண்பத்து மூன்று என்று எழுதிய ஒரு பெட்டிக்குள் இருந்த கூடுகள், நானே போன வருடம் அவர் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தவை. புதுப்பெட்டி தீர்ந்ததும் பழைய பெட்டிகளைக் கொட்டி மறுபடி நிரப்பியிருக்கிறார். எதில் எது என்று யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. நீல நிறப் பழைய பிக்கப், முன்சீட்டில் ஒரு கிழட்டு நாய். அவ்வளவுதான் தெரியும். தேடிக்கொண்டிருக்கிறேன்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. திட்டியாவது எழுது.

வெர்னா

*

டூசான்
3 அக்டோபர் 1988

வெர்னா,

தீவனக் கடை, மளிகைக் கடை, பெட்ரோல் பங்க், தேவாலயம், துப்பாக்கி பழுது பார்ப்பவர் கடை, எல்லா இடத்திலும் நோட்டீஸ் ஒட்டு. மான் வேட்டைக்காரர்கள் கணக்குக் கொடுக்கும் சாவடியிலும் ஒட்டு. பெரிய எழுத்தில் எழுது. "சுட வேண்டாம்" என்று முதல் வரியில் எழுது. உன் பெயர், ஃபோன் நம்பர். உள்ளூர் வானொலியில் காலையில் தொலைந்த மாடு பற்றியெல்லாம் படிப்பார்களே, அவர்களிடமும் கொடு.

இனி என் விஷயம். அந்த எண்பத்தாறு நவம்பரில், மலையில் இரண்டாம் நாள் காலை, நூற்றைம்பது கஜத்தில் ஒரு எல்க். சுட்டேன். அந்த மாதிரி ஒரு உதை என் தோள் அதற்கு முன் வாங்கியதில்லை. பின்பக்கமாகப் புகை பீறிட்டு முகத்தில் அடித்தது. வலது கண் நான்கு நாள் மங்கலாக இருந்தது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் இறுகிவிட்டது, விறகுக் கட்டையால் தட்டித்தான் திறந்தேன். டெல்மர் பக்கத்தில் நின்று, துப்பாக்கிக்கு வயசாகிவிட்டது என்றான். நம்பினேன். ஊருக்கு வந்ததும் அப்பா கொடுத்த அந்த ரைஃபிளைக் கடையில் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு மலைக்குப் போகவில்லை.

முட்டி வலி என்று நான் சொன்னதை நீ நம்பினாய். காபி கேட்டேன், ஊற்றினாய்.

இப்போது வேறெதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஆரின்

*

ஹாலர் க்ரீக்
16 அக்டோபர் 1988

அன்புள்ள அண்ணா,

கிடைத்துவிட்டாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ சொன்ன எல்லா இடத்திலும் ஒட்டினேன். அறுபத்தாறு வயதில் பசை வாளியோடு ஊர் சுற்றினேன், பார்த்தவர்கள் தேர்தலுக்கு நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். வானொலியில் இரண்டு நாள் படித்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் நீல வண்டி வாசலில் வந்து நின்றது.

அவள் பெயர் நடீன் பர்ச். பக்கத்துப் பள்ளத்தாக்கில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். கையில் மூன்று பெட்டியும் இருந்தது. முகத்தில் சிரிப்பில்லை. உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றாள்.

நோட்டீஸைப் பார்த்து அவள் வரவில்லை, அண்ணா. பார்ப்பதற்கு முன்பே வருவதாக இருந்தாளாம். போன ஞாயிறு குறி பார்த்துச் சுடக் கல்லுடைக்கும் குழிக்குப் போயிருக்கிறாள். முதல் இரண்டும் ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதைச் சுட்டபோது சத்தமே இல்லை, சோடா மூடி திறந்த மாதிரி ஒரு 'டப்'. உதையும் இல்லை. குறி அட்டையில் ஓட்டையும் இல்லை. நாலாவது தோட்டா கையில் தயாராக இருந்ததாம்.

"ஏன் சுடல?" என்று கேட்டேன்.

"இருபது வருஷமா பஸ் ஓட்டறேன். பின்னாடி முப்பது பிள்ளைங்க. இன்ஜின் சத்தம் துளி மாறினாலும் ஓரங்கட்டி நிறுத்திடுவேன். அதே பழக்கம்தான். போல்ட்டக் கழட்டி குழாய்க்குள்ள வெளிச்சம் அடிச்சுப் பாத்தேன். அந்தப் பக்கம் தெரியல."

குண்டு குழாய்க்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. கூட்டில் மருந்தே இல்லை, அடியில் இருக்கும் கேப் மட்டும் வெடித்து அந்த அளவுக்குத் தள்ளியிருக்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் ஐனாருக்கு ஆனதுதான், அதைவிடவும் மோசமாக. பழுது பார்ப்பவர் கம்பி விட்டுத் தட்டி எடுத்துக் கொடுத்தாராம்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு எழுதியதைத்தான், ஒன்றும் குறைக்காமல். கடைசியில், "உங்க மேல கோபம் இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "அந்த எழுத்தப் பாத்து ஏமாந்தது நான்தான். யாரு செஞ்சதுன்னு கேட்டேன், எப்ப செஞ்சதுன்னு கேக்கல." பெட்டிகளை மேசை மேல் வைத்தாள். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்து ஒரு துண்டு ஆப்பிள் கேக் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

எண்ணிப் பார்த்தேன். அறுபதில் ஐம்பத்தேழு இருக்கிறது. கொட்டகையில் இருப்பவற்றோடு சேர்த்து வைத்துப் பூட்டிவிட்டேன். இவற்றை என்ன செய்வது? குப்பையில் போட பயமாக இருக்கிறது, நெருப்பில் போடக்கூடாது என்பது எனக்கே தெரியும். யாரிடமும் கேட்கவும் மனசில்லை. நீ சொன்னால் செய்கிறேன்.

வெர்னா

*

ஹாலர் க்ரீக்
6 நவம்பர் 1988

அன்புள்ள அண்ணா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. கார்லாவுக்கு ஃபோன் செய்தேன். நீ நன்றாக இருக்கிறாய், சாப்பிடுகிறாய், காரேஜில் ஏதோ தட்டிக்கொண்டே இருக்கிறாய் என்றாள். அது போதும் என்று வைத்தேன். போதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வேட்டை தொடங்கி இரண்டு வாரம். ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் காலையில் ஹோட்டல் வாசலில் காபிக்கு நிற்கிறார்கள். இந்த நேரத்தில் நம் வீட்டில் கம்பளிச் சட்டைகள் அடுப்புக்கு மேலே காய்ந்துகொண்டிருக்கும். நீ மாடிப்படியில் உட்கார்ந்து பூட்ஸுக்கு மெழுகு தேய்ப்பாய், படியெல்லாம் வழுக்கும், நான் கத்துவேன். நீங்கள் இருவரும் மலையில் இருக்கும் நாட்களில் வீடு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அப்போது சந்தோஷப்பட்டிருக்கிறேன். இப்போது வருடம் முழுக்க அந்த அமைதிதான்.

நடீன் போன ஞாயிறு மறுபடி வந்தாள். கடைத் தோட்டாவில் ஒரு மானை அடித்தாளாம். முதுகுக் கறி ஒரு துண்டு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாள். நான் அழுதுவிடுவேன் என்று பயந்து, நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

அவருடைய கடைசிக் குளிர்காலத்தைப் பற்றி உனக்கு நான் எழுதியதே இல்லை. அவரைக் கொட்டகைக்குப் போகவிடாமல் தடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. மருந்து டப்பாக்களையும் கேப்களையும் ஒளித்து வைத்தேன். அவர் வெறும் கூடுகளை எடுத்துத் துடைப்பார், வரிசையாக நிறுத்துவார், மறுபடி எடுத்துத் துடைப்பார். நான் பக்கத்தில் கம்பளிப் பின்னல் வேலையோடு உட்கார்ந்திருப்பேன். அது மோசமான நேரம் என்று சொல்ல மாட்டேன். ரேடியோ இருக்காது. பனி விழும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதற்கு விலை உன் உயிராக இருந்திருக்கும். கூடவே அவருடையதும். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேரில் ஒருவர் மனம் நோகக்கூடாது என்று பார்த்தேன், இன்னொருவரைப் பார்க்கவே இல்லை. நீ என் அண்ணன். உனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தது நான், எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது நீ. அப்படிப்பட்ட உன்னை அனுப்பிவைத்தேன்.

நீ எழுதாவிட்டாலும் மாதம் ஒரு கடிதம் போடுவேன். படிக்காவிட்டாலும் கார்லா பிரித்து மேசையில் வைக்கட்டும்.

உன் தங்கை,
வெர்னா

*

டூசான்
20 நவம்பர் 1988

அன்புத் தங்கச்சி,

காரேஜில் என்ன தட்டிக்கொண்டிருந்தேன் என்று சொல்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் வேறொன்றைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

டெல்மர் துப்பாக்கிக்கு வயசாகிவிட்டது என்றான், நம்பினேன் என்று எழுதினேன். அது பொய்.

முதல் நாள் கூடாரம் அடித்து முடித்ததும் தண்ணீர் எடுத்து வரச் சொன்னேன். வாளியோடு அப்படியே நின்றான். முப்பது வருடமாக அவன் தண்ணீர் எடுக்கிற ஓடை, கூடாரத்திலிருந்து நாற்பது அடி. சத்தம்கூடக் கேட்கும், எனக்குத்தான் கேட்காது. "எந்தப் பக்கம், ஆரின்?" என்றான். நான் கையைக் காட்டினேன். கேலி செய்யவில்லை. எதையாவது கேலி செய்யாமல் நான் விட்டிருக்கிறேனா? அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை கிளம்பும்போது அவன் கோட்டுப் பையிலிருந்து கடையில் வாங்கிய ஒரு பெட்டியை எடுத்தான். புதுசு, சீல் பிரிக்காதது. எப்போது வாங்கினானோ.

"இன்னிக்கு இத எடுத்துக்கோ" என்றான்.

"உன் கையால செஞ்சது இருக்கறப்ப எனக்கு எதுக்குடா அது?" என்றேன்.

பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டான்.

அவன் எனக்குச் சொன்னான், வெர்னா. அவனால் முடிந்த மாதிரி சொன்னான். அந்தப் பெட்டியை வாங்கினால், 'உனக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும்' என்று நான் அவன் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். எனக்கு அந்த நவம்பர் மற்ற நவம்பர் மாதிரியே வேண்டியிருந்தது. அதற்காகத்தான் அவன் செய்த தோட்டாவையே சுட்டேன்.

அந்த உதைக்குப் பிறகு, அவனிடமிருந்த பத்தையும் சும்மா கொடு என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல் கொடுத்தான். என்னிடம் ஒன்பது. பத்தொன்பதையும் ஒரு காலுறைக்குள் போட்டு முடிந்து வைத்தேன். முட்டி வலி என்று சொல்லி இறங்கிவிட்டோம். வண்டியில் அவன் முழு நேரமும் தூங்கினான்.

அடுத்த வசந்தத்தில் நான் இங்கே வந்தேன். குளிர் ஆகவில்லை, கார்லா கூப்பிடுகிறாள் என்றெல்லாம் சொன்னேன். அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதை என்னால் பார்த்திருக்க முடியாது. பார்த்திருக்க வேண்டியவன் நான். உன்னை அந்தக் கொட்டகையில் தனியாக விட்டுவிட்டு ஓடி வந்தேன். நீ அடுப்பருகே நின்று பேசாமல் இருந்தாய் என்று குத்திக் காட்டினேனே, நான் அவன் பக்கத்திலேயே நின்று பேசாமல் இருந்தேன். நீ எழுதிய அன்று எனக்கு வந்த கோபத்தில் பாதிக்கு மேல் உன் மேல் இல்லை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. மந்தம்.

அந்தக் காலுறை இத்தனை நாளும் இங்கே என் அலமாரியில்தான் இருந்தது. போன வருடம் மாப்பிள்ளை பார்த்துவிட்டு, "மாமா, இது சுடலாமா?" என்றான். வேண்டாம் என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. நான் செத்துப் போயிருந்தால் அவன் எடுத்துச் சுட்டிருப்பான். உன் நடீனுக்கு நடந்தது அவனுக்கு நடந்திருக்கும், அவன் பஸ் ஓட்டுபவனும் இல்லை.

அதனால் குண்டு பிடுங்கும் சுத்தியல் ஒன்று வாங்கி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பிரித்தேன். மருந்தைத் தட்டில் கொட்டி எடை போட்டேன். பதினொன்று மிகச் சரியாக இருந்தது. நம் பழைய டெல்மர். இரண்டில் அதிகம். ஒன்று காலி. ஐந்தில் குச்சி குச்சியான ரைஃபிள் மருந்துக்குள்ளே தகடு தகடாகக் கைத்துப்பாக்கி மருந்து கலந்திருந்தது. நான் சுட்டதும் அப்படி ஒன்றாகத்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் உனக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது. பதினொன்றையும் மற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வெளியே ஒரு வித்தியாசமும் இல்லை.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அந்த ஐந்தையும் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

உன் பெட்டிகளைத் தொடாதே. குப்பையும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். நானே வருகிறேன். வேட்டைக்கு இல்லை, அது முடிந்த பிறகு. டிசம்பர் நாலாம் தேதி பஸ் ஏறி ஏழாம் தேதி புதன்கிழமை மதியம் வந்து சேர்வேன். சுத்தியலும் தராசும் கொண்டுவருகிறேன். நான் பிரிக்கிறேன், நீ எழுதிக்கொள். முந்நூறுக்குப் பக்கம் இருக்கும், ஒரு வாரம் ஆகும். மருந்தைத் தோட்டத்து மண்ணில் மெல்லிசாகத் தூவிவிடலாம், கூடுகளை நசுக்கிப் பழைய பித்தளைக்குப் போடலாம். சரியாக இருப்பதையும் பிரித்துத்தான் ஆக வேண்டும், அதில் எனக்குக் கொஞ்சம் கஷ்டம் இருக்கும். பேசாமல் பார்த்துக்கொண்டிரு.

ஒன்று கேட்க வேண்டும். கடைசி நாட்களில் அவன் என்னைக் கேட்டானா? உன் கடிதங்களில் நீ சொல்லவில்லை. கேட்கவில்லை என்றாலும் சொல். இனி நமக்குள் இந்த மறைக்கிற வேலை வேண்டாம்.

உன் அண்ணன்,
ஆரின்

*

ஹாலர் க்ரீக்
26 நவம்பர் 1988

அன்புள்ள அண்ணா,

கேட்டார். பெயர் சொல்லிக் கேட்கவில்லை. அது அப்போது அவரிடம் இல்லை, என் பெயரும் இல்லை. பிப்ரவரியில் ஒரு நாள் காலை பூட்ஸைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். "கூட ஒருத்தன் வருவானே, அவன் கெளம்பிட்டானா?" என்றார்.

"கெளம்பிட்டான். வந்துட்டே இருக்கான்" என்று சொன்னேன்.

சரி என்று தலையாட்டினார். சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். உனக்கு எழுதி வரச் சொல்லியிருக்கலாம். வந்தால் அவர் நிலைமை உனக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து எழுதவில்லை.

புதன்கிழமை மதியம் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். வழியில் பனி அதிகம், கம்பளிக் கோட்டுப் போட்டு வா. மாடி அறையில் உனக்குப் படுக்கை விரித்துவிட்டேன்.

வெர்னா